அம்மா பெயரில் ஒரு கணக்கு

"மாசம் எவ்வளவுங்க வருது?"

வலையொளி நடத்துகிறேன் என்று தெரிந்தால் போதும், அடுத்த கேள்வி இதுதான். கல்யாண வீட்டில் கேட்கிறார்கள். கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையில் நிற்கும்போது கேட்கிறார்கள். ஒரு முறை துக்க வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். ஈப்போவில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அந்தச் சம்பளத்தை இதுவரை ஒருவரும் விசாரித்ததில்லை. வலையொளிப் பணம் மட்டும் எப்படியோ ஊர்ச் சொத்தாகிவிட்டது.

சரி, ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல மாதம் 700 வெள்ளி. மோசமான மாதம் 180 வெள்ளி. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே இப்போது 1,700 வெள்ளி. வேலையை விடலாமா என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு இதற்கு மேல் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வலையொளியில் பெரிய விசேஷம் எதுவும் கிடையாது. சனிக்கிழமை காலையில், புந்தோங்கில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் அம்மா சமைப்பார். சமைத்துக்கொண்டே பேசுவார். நான் கைப்பேசியை முக்காலியில் வைத்துப் பிடிப்பேன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் 28 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் அம்மா. ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது வீட்டைக் காலி செய்துவிட்டு ஈப்போவுக்கு வந்தோம். மரவள்ளி இலைப் பொரியல், டின் சார்டின் குழம்பு, சம்பளம் போட்ட மறுநாள் மட்டும் வரும் கோழிப் பெரட்டல், சம்பளத்துக்கு ஒரு வாரம் முன்னால் வரும் வெறும் ரசம். அங்கே சமைத்ததைத்தான் இங்கேயும் சமைக்கிறார். பக்கத்து வீட்டுச் சேவல் எல்லாக் காணொலியிலும் கூவும். முதலில் அதை வெட்டி எடுக்கப் பார்த்தேன். இப்போது அதற்கே தனி ரசிகர்கள் இருக்கிறார்கள்.

பணம் வரும் வழியைக் கேட்பவர்களும் உண்டு. விளம்பர வருமானத்துக்கு முதலில் 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு, கடந்த 12 மாதங்களில் மக்கள் நம் காணொலிகளைப் பார்த்த நேரம் 4,000 மணியைத் தொட வேண்டும். குறுங்காணொலி மட்டும் போடுகிறவர்களுக்கு, 90 நாளில் ஒரு கோடிப் பார்வைகள். 4,000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். நம் காணொலியை ஒருவர் சராசரியாக நான்கு நிமிடம் பார்க்கிறார் என்றால் 60,000 பார்வைகள் வேண்டும். உறவுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பார்த்தாலும் அந்தக் கணக்குக்குக் கிட்டே போக முடியாது. எங்களுக்கு 14 மாதம் ஆனது.

அதற்குப் பிறகு, காணொலியோடு வரும் விளம்பரப் பணத்தில் 55 விழுக்காடு நமக்கு, மீதி யூடியூபுக்கு. குறுங்காணொலியில் நம் பங்கு 45 விழுக்காடுதான். 100 அமெரிக்க டாலர் சேரும்வரை காசு கைக்கு வராது. அந்த 180 வெள்ளி மாதத்தில் ஒன்றும் வராமல் அடுத்த மாதத்தோடு சேர்ந்துகொள்ளும். அமெரிக்காவில் இருப்பவர்கள் பார்த்து வரும் பங்கிலிருந்து அந்த நாட்டு வரியாக 30 விழுக்காடு பிடித்துக்கொள்வார்கள். சில நாடுகளுக்கு ஒப்பந்தப்படி இது குறையும், நமக்கு அந்தச் சலுகை இல்லை. எல்லாவற்றையும்விடப் பலருக்குப் புரியாதது ஒன்று: ஒரே காணொலிதான், ஆனால் பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து விளம்பர விலை மாறும். சிங்கப்பூரில் ஒருவர் பார்ப்பதற்கும் தமிழ்நாட்டில் ஒருவர் பார்ப்பதற்கும் ஒரே காசு வராது. ஆண்டுக் கடைசியில் விலை ஏறும், ஜனவரியில் சரியும்.

இதையெல்லாம் ஒரு நாள் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். வெங்காயம் உரித்தபடி கேட்டவர், "அப்ப இது பால் வெட்டு மாதிரிதானே" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "விடியக்காலை நாலு மணிக்கு எழுந்திருச்சு, பெரட்டுக்குப் போயி, மரம் வெட்டி, மங்கு மங்காப் பாலை எடுத்து வாளியில ஊத்தி, காண்டாக்கம்புல தூக்கிட்டுப் போயி ஸ்டோர்ல நிறுத்துப் போடுவோம். அதோட முடிஞ்சுச்சா? பால்ல தண்ணி எவ்வளவு, ரப்பர் எவ்வளவுன்னு கிராணி பார்ப்பாரு. அப்புறம் விலை. அந்த விலையை எந்த ஊர்ல எவன் வச்சான்னு எங்களுக்குத் தெரியாது. மழை பேஞ்சா வேலையே கிடையாது."

நான் பட்டியல் போட்டுக் காட்டியதைவிட இது தெளிவாக இருந்தது. பார்வைகள் வாளிப் பால் மாதிரி. எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது அதிலுள்ள ரப்பர். விலை வேறு எங்கேயோ. தோட்டத்தில் ரப்பர் விலைக்கு ஏற்ப ஏறி இறங்கிய சம்பளத்தில் வீடு நடத்திய பெண் என்பதாலோ என்னவோ, ஒரு மாதம் பணம் குறைந்தால் நான் பதறுகிற அளவுக்கு அம்மா பதறுவதே இல்லை.

இந்தப் பக்கத்தில் வலையொளி என்றாலே எல்லாருக்கும் நினைவுக்கு வருவது சுகு பவித்ரா தம்பதிதான். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம். சுங்கை சிப்புட்டில், தோட்டத் தொழிலாளியான கணவரும் இல்லத்தரசியான மனைவியும் ஒரு கைப்பேசியை வைத்துக்கொண்டு சமையல் காணொலி போட்டார்கள். சில மாதங்களில் பல லட்சம் சந்தாதாரர்கள். அப்போதைய பிரதமர் முகைதீன் யாசின் தம் உரையிலேயே அவர்களைக் குறிப்பிட்டார். கோலகங்சார் மாவட்டத்தில்தான் சுங்கை சிப்புட் இருக்கிறது. 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று, மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. அந்த மரத்தின் வகையறாவுக்குப் பின்னால் நம் ஆட்கள் கப்பலேறி வந்து நான்கு தலைமுறை ஆகிவிட்டது. அத்தனை காலத்தில் ஒரு தோட்டத்து வீட்டு அடுப்படியை நாடு முழுக்க இப்படி எட்டிப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அம்மா அந்தக் காணொலிகளைப் பார்த்த விதமே வேறு. சமையலைப் பார்க்கவில்லை. "பின்னாடி பலகைச் சுவரைப் பாரு, நம்ம வீடு மாதிரியே இருக்கு" என்பார்.

பவித்ரா பேசியது மலாய் மொழியில். சரளமான, பள்ளிக்கூடத்தில் படித்த மலாய். அதைப் பற்றி அப்போது நம்மவர்களிடையே முணுமுணுப்பு இருந்தது, 'தமிழில் பேசினால் என்ன' என்று. எனக்கு அந்த முணுமுணுப்பில் உடன்பாடு இல்லை. இந்த நாட்டு மக்களில் இந்தியர்கள் ஏறக்குறைய 7 விழுக்காடு. தமிழில் மட்டும் பேசினால் அதிலும் ஒரு பகுதிக்குத்தான் போய்ச் சேரும். தமிழ்நாட்டில், புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் பெரியதம்பி தாத்தாவும் அவர் பேரன்களும் நடத்தும் வில்லேஜ் குக்கிங் சேனல், 2018இல் தொடங்கி 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டது. அவர்கள் வயல்வெளியில் நின்று தமிழில் பேசினாலே போதும், சுற்றிலும் தமிழ் இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் அப்படி இல்லை. வீட்டு வாசலைத் தாண்டினால் கடையில் சீனம், அலுவலகத்தில் மலாய். அந்தப் பெண் வாசலைத் தாண்டிப் பேசினார், அண்டை வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

ஆனால் என் வீட்டுக் கதை வேறு. அம்மாவுக்குத் தெரிந்தது சந்தை மலாய். மீன் பேரம் பேசப் போதும். மாமியார் அம்மியில் அரைக்கச் சொல்லிக் கொடுத்ததை அதில் சொல்ல வராது. இரண்டு மாதம் மலாயில் பேச வைத்துப் பார்த்தோம். கேமராவுக்கு முன்னால் அரசாங்க அலுவலகத்தில் பாரம் நிரப்புகிறவர் போல நின்றார். கடைசியில் ஒரு நாள், "நான் சமைக்கிறேன், நீ வேணும்னா பேசு" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கையில் எடுத்தார். அதோடு தமிழுக்கே வந்துவிட்டோம். மலாய், ஆங்கில வரிகளை நான் உட்கார்ந்து கீழே போடுகிறேன். ஒரு காணொலிக்கு மூன்று இரவு பிடிக்கும். 'தாளிச்சுக் கொட்டு' என்பதற்கு மலாயில் என்ன எழுதுவது என்று ஓர் இரவு முழுக்க யோசித்திருக்கிறேன். இப்போது பார்ப்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் மலாய்க்காரர்கள். தைப்பிங்கிலிருந்து ஒரு மக்சிக், தன் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்தான் என்று எழுதியிருந்தார். அதை அம்மாவுக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன்.

விளம்பரதாரர்களும் வந்தார்கள். மசாலாத் தூள் விற்கும் ஒரு நிறுவனம், தங்கள் பாக்கெட்டை அம்மா கையில் பிடித்துக் காட்டினால் போதும் என்றது. எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டேன். இருபது பாக்கெட் தூள் தருவார்களாம். "இருபது பாக்கெட்டா, நானே அரைச்சு அவங்களுக்குத் தரேன்னு சொல்லு" என்றார் அம்மா.

முதல் பணம் வருவதற்கு முன்னால்தான், நான் யோசித்திருந்த ஒரு விஷயத்தை முடிவு செய்தோம். கணக்கு யார் பெயரில்? என் கைப்பேசி, என் கணினி, என் இரவுகள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் ஜனங்கள் பார்க்க வருவது அம்மாவின் கையை. கேட்க வருவது அம்மாவின் 28 ஆண்டுகளை. தோட்டத்தில் அம்மா வெட்டிய மரம் அம்மாவுடையது இல்லை. குடியிருந்த வீடும் இல்லை. அதனால்தானே ஒரு கடிதம் வந்ததும் காலி செய்ய வேண்டியிருந்தது.

என் தாத்தா ஒரு கதை சொல்வார். 1950களின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று பெரியவர்கள் இன்னும் கசப்போடு சொல்வது அதைத்தான். துண்டான தோட்டத்தில் வேலையும் போச்சு, வீடும் போச்சு. அப்போது சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டினார். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை அந்தச் சங்கம் வாங்கியது. தாத்தாவும் பத்து வெள்ளி கட்டியவர். எங்கோ கெடாவில் இருக்கும் ஒரு தோட்டத்தில், தான் பார்த்தே இராத சில மரங்கள் தன்னுடையவை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே அம்மா பெயரிலேயே பதிவு செய்தோம். மலேசிய நிறுவன ஆணையத்தில் அடையாள அட்டையில் இருக்கும் சொந்தப் பெயரில் வியாபாரம் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு வணிகப் பெயர் என்றால் 60 வெள்ளி. அம்மா முப்பதையே தேர்ந்தெடுத்தார். சிக்கனம் ஒரு காரணம். "என் பேருக்கு என்ன குறைச்சல்" என்றும் கேட்டார். 66 வயதில் முகப்பில் பெயர் போட்டு ஒரு சான்றிதழ். வருமான வரிக்கும் கணக்கு எழுதுகிறேன். வலையொளிப் பணமும் வருமானம்தான், சொல்லாமல் விட முடியாது. சம்பளக்காரர்கள் ஏப்ரல் 30க்குள் பாரம் கொடுக்க வேண்டும், வியாபார வருமானம் உள்ளவர்களுக்கு ஜூன் 30வரை நேரம். வரி கட்டும் அளவுக்கு அம்மாவுக்கு வருமானம் இல்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறோம்.

கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க கூகல் ஓர் இரகசிய எண்ணைத் தபாலில் அனுப்பும். மின்னஞ்சலில் இல்லை, காகிதத்தில், வீட்டுக்கே. அந்தக் கடிதம் வந்த அன்று அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். தோட்டத்தில் எங்கள் வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கு வரும், கிராணி பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். அதிலும் வருவதெல்லாம் அப்பா பெயருக்குத்தான். எண்ணை நான் கணினியில் தட்டிய பிறகு அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடப் போனேன். அம்மா வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. மாதம் 21ஆம் தேதிக்கு மேல் பணம் அம்மாவின் வங்கிக் கணக்கில் விழுகிறது. அதிலிருந்து எனக்கு 'எடிட்டிங் கூலி' என்று கொஞ்சம் எண்ணிக் கொடுப்பார். கூலி என்றுதான் சொல்வார்.

போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, கருவாட்டுக் குழம்பு. புளி கரைத்துக்கொண்டே அம்மா அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அப்பா இறந்து 19 ஆண்டாகிறது. சம்பள நாள், சம்சுக் கடை, அரிசிப் பானைக்குள் பணத்தை ஒளித்து வைத்தது. ஒரு ராத்திரி குழம்புச் சட்டியை அப்பா தூக்கி வெளியே வீசியது, தடுக்கப் போன அம்மாவின் கை வெந்தது, லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வாசலில் நின்று பார்த்தது. மறுநாள் விடியக்காலை அந்தக் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பெரட்டுக்குப் போய், விடாமல் முழுக் காட்டையும் வெட்டி முடித்தது. குரல் உயரவே இல்லை. கரண்டியும் நிற்கவில்லை. 11 நிமிடம். எனக்கு முக்காலிக்குப் பின்னால் நிற்க முடியவில்லை, ஆனால் நின்றேன்.

அடுப்பை அணைத்துவிட்டு, "இதுவும் போகுமா?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னாத்தான் போகும்மா."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்த மனுசன் பதில் சொல்ல இங்க இல்லையே. குழம்பை மட்டும் போடு."

குழம்பை மட்டும் போட்டேன். விஷயம் தெரிந்த அத்தை மகன் விடவில்லை. "அத்தை, இது மட்டும் போச்சுன்னா ஒரே ராத்திரியில லட்சம் பேரு பாப்பாங்க" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. எந்த இடத்தில் பார்ப்பவர் நிற்கிறார், எந்த இடத்தில் தாண்டிப் போகிறார் என்று வலையொளியே கோடு போட்டுக் காட்டுகிறது. அம்மா அழுத இடத்தில் யாரும் தாண்டிப் போனதில்லை. கருவாடு கழுவும் இடத்தில் பாதிப் பேர் போய்விடுகிறார்கள். அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்தே காணொலி எடுத்தால் என்ன மாதிரி காணொலி எடுப்போம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சுகு பவித்ரா விஷயத்திலும் அதைத்தான் பார்த்தோம். அடுப்படியைப் பார்க்க வந்த கூட்டம் அடுப்படியோடு நிற்கவில்லை. அவர்கள் குடும்பத்துக்குள் நடந்தவையும் நாளேடுகளில் தலைப்புச் செய்தியாயின. நாடே உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னது. 2021 மே மாதத்தில், ஏழரை லட்சத்துக்கும் மேல் சந்தாதாரர்கள் இருந்தபோதே, தங்கள் காணொலிகளை அவர்கள் நீக்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. அன்று வேலையிடத்தில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது, "அவங்க வீடு, கதவைச் சாத்திக்கிட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

அதே சமயம், அந்த 11 நிமிடத்தைப் பூட்டி வைப்பதுதான் சரி என்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. வெந்த கையோடு பால் வெட்டப் போன பெண் என் அம்மா மட்டுமா? எங்கள் லயத்தில் மட்டும் நான்கு பேரை எனக்குத் தெரியும். அவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. சங்கத்தின் கதை இருக்கிறது, துண்டாடலின் கதை இருக்கிறது, சம்சுவின் கதைகூட அங்கங்கே இருக்கிறது. மறுநாள் நாலு மணிக்குப் பெரட்டுக்குப் போன கதையை அவர்கள் வாயால் யார் கேட்டு வைத்திருக்கிறார்கள்? இதை ஒரு நாள் அம்மாவிடமே சொன்னேன். மறுத்துப் பேசவில்லை. நான்கைந்து நாள் கழித்து, தானாகவே கைப்பேசியை வாங்கி, காதில் மாட்டிக்கொண்டு, அந்தக் காணொலியை முழுக்கப் பார்த்தார். திருப்பிக் கொடுக்கும்போது, "அண்ணனையும் கேக்கணும். அன்னைக்கு அவனும் அங்க நின்னுக்கிட்டு இருந்தான். பத்து வயசு" என்றார்.

அண்ணன் ஜொகூரில் வேலை பார்க்கிறான். அப்பாவைப் பற்றி அவன் எங்களிடம் பேசி எத்தனையோ வருடம் ஆகிறது. தொலைபேசியில் கேட்கிற விஷயம் இல்லை இது. தீபாவளிக்கு வருகிறான். அதுவரை அது என் கைப்பேசியிலும் ஒரு வன்தட்டிலும் இருக்கிறது. வரும் சனிக்கிழமை பலாமுசுப் பெரட்டல். அதற்கு விடியக்காலையிலேயே சந்தைக்குப் போக வேண்டும். ஏழு மணிக்கு மேல் நல்ல முசு கிடைக்காது என்கிறார் அம்மா.